மன்னாரில இருந்து முள்ளிவாய்க்காலுக்கு கிரவல் றோட்டால சைக்கிள்: ஆவணியில ஏலுமோ?

வடக்குக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒஸ்லோவில இருக்கிறன், வயசு 34. அம்மா மன்னார் அடம்பன் ஆள். ஆறு வயசில வெளிக்கிட்டனான். அதுக்குப் பிறகு ரெண்டு தரம் ஊருக்கு வந்தும் ரெண்டு தரமும் வானுக்குள்ள இருந்து கண்ணாடியால பாத்ததோட சரி. இந்த ஆவணிக்கு (ஓகஸ்ற்) தனிய வாறன், கிரவல் சைக்கிளோட.

தெரியாத ஆக்களுக்கு: பாக்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹாண்டில் வளைஞ்சிருக்கும். ஆனால் ரயர் தடிப்பு, என்ரை 40 மில்லிமீற்றர். தார் இல்லாத றோட்டில நெடுந்தூரம் ஓடுறதுக்கெண்டே செய்தது.

போன வருசம் பெல்ஜியத்தில ஈப்பர் பக்கம் நாலு நாள் ஓடினனான். முதலாம் உலகப்போர் நடந்த வயல்வெளி. உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில மயானம், அதைத் தாண்டினால் மாதா சுரூபம், அதையும் தாண்டினால் இன்னொரு மயானம். ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு மெனின் வாசல் எண்ட போர் நினைவு வளைவில கொம்பு ஊதுவினம், 1928 இல இருந்து. ரெண்டாம் உலகப்போரில ஜேர்மன்காரர் பிடிச்சு வைச்சிருந்த வருசங்களில மட்டும்தான் அங்க ஊதேல்லையாம். உடல் கிடைக்காத 54,000 பேருக்கு மேல அந்தச் சுவரில பேர் வெட்டியிருக்கு, இந்தியச் சிப்பாய்மாரும் அதுக்குள்ள. அதுக்குக் கீழ நிக்கேக்க, அம்மான்ர ஊர்ப்பக்கம் ஒரு கிலோமீற்றர் கூட சைக்கிளில ஓடினதில்லை எண்டு வெக்கமாப் போச்சு.

நான் கீறின பாதை: முதல் நாள் மன்னார், திருக்கேதீச்சரம், மடு. ரெண்டாம் நாள் மடுவில இருந்து பாலம்பிட்டி, மூன்றுமுறிப்பு, நட்டாங்கண்டல், மல்லாவி. மூண்டாம் நாள் மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை. நாலாம் நாள் வற்றாப்பளை, வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு.

எங்க தார், எங்க கிரவல்? தண்ணி, படுக்கை எப்பிடி? மிதிவெடி இன்னும் இருக்கோ? கடைசியா ஒண்டு, கேக்கவே கூச்சமாக் கிடக்கு. அந்த இடங்களுக்கு இறுக்கின காற்சட்டையும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு சைக்கிளில போனால் சனம் என்ன நினைக்கும்?

பரந்தன் பெடியன் எழுதியது:

கிரவலுக்கெண்டு தனிச் சைக்கிளோ 😄 எங்கட அப்பா கேள்விப்பட்டா விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் நாப்பது வருசமா கிரவலிலதான் ஓடுறார், சைக்கிளுக்கு அது தெரியாது.

ஏ-9 கண்டி றோட்டுப் பக்கம் வராதேங்கோ அண்ணை. கார்ப்பெட் றோட்டு, பஸ்காரர் கோர்ண் அடிச்சே பள்ளத்துக்குள்ள தள்ளிவிடுவாங்கள்.

இரணைமடு எழுதியது:

மன்னிக்கோணும், எனக்கு இது சரியாப் படேல்லை. சனம் செத்த இடத்தை சைக்கிள் ஓடுற பாதையாக் கீறி, முதல் நாள் ரெண்டாம் நாள் எண்டு பிரிச்சு வைச்சிருக்கிறீங்கள். வெளிநாட்டில இருந்து வந்து ஒரு கிழமை நிண்டு படம் எடுத்துப் போட்டுப் போறவையை நிறையப் பாத்திட்டம். கோயிலுக்குப் போறதெண்டால் போங்கோ. முள்ளிவாய்க்காலை அதுக்குள்ள ஏன் சேக்கிறீங்கள்?

குளக்கட்டு எழுதியது:

தம்பி வடக்குக்காத்து, நான் விவசாயப் போதனாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவன். வீடு மல்லாவிப் பக்கம். முப்பத்திரண்டு வருசம் குளம் குளமா, வயல் வயலா சைக்கிளிலதான் திரிஞ்சனான். அதால நீர் கேட்ட பாதையில ஒவ்வொரு கிடங்கும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஆறுதலா எழுதிறன், ஆறுதலா வாசியும்.

முதல்ல காத்து. ரயர்க் காத்தில்லை, சோளகம். வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் தென்மேற்கால அடிக்கும். மன்னார்ப் பாலத்தில சைக்கிளைச் சரிச்சுப் பிடிச்சுத்தான் ஓடவேணும், ஆனால் தள்ளாடி எண்ட ஊரைத் தாண்டி உள்ளுக்குப் போனால் முதுகில பிடிச்சுத் தள்ளும். நீர் மேற்கில இருந்து கிழக்கால போறதாக் கீறினது புத்தி. மாறிக் கீறியிருந்தால் மடுவிலயே அழுதிருப்பீர்.

ரெண்டாவது, கிரவல் எண்டு எல்லாத்தையும் ஒண்டாச் சொல்லக்கூடாது. புதுசாப் பறிச்ச கிரவல் இருக்கு, ரிப்பர் லொறி கொட்டிப் பரவிவிட்டது, குண்டு குண்டாச் செங்கல். அதில உம்மட சைக்கிளும் துள்ளும், என்ரையும் துள்ளும். ஒரு மாரி நனைஞ்சு இறுகின கிரவல் சீமெந்து மாதிரி, அதுதான் ராசா. பிறகு மணல் ரிப்பர் ஓடி ஓடித் தகரம் மாதிரி அலையலையா வந்த கிரவல். அதில நடுவால ஓடாதேயும், கரையில மாடு நடந்த ஒற்றையடிப் பாதை இருக்கும், அதுக்குள்ள இறக்கும். மாடு ஒருநாளும் அலையில நடவாது.

குளக்கட்டு கிடைக்கிற இடமெல்லாம் குளக்கட்டால போம். வவுனிக்குளத்துக் கட்டில விடிய ஆறு மணிக்குப் போனீரெண்டால் ஒரு பக்கம் தண்ணியும் கொக்கும், மற்றப் பக்கம் வயல். ரயர்க் காத்தை மட்டும் 30 பி.எஸ்.ஐ. அளவில வைச்சிரும். வெளிநாட்டுப் பெடியள் எல்லாரும் ரயரைக் கல்லு மாதிரி அடிச்சுக்கொண்டு வருவினம், பிறகு கை விறைச்சுப் போச்செண்டுவினம்.

மன்னாரில இருந்து திருக்கேதீச்சரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். பெரிய றோட்டுகள் முழுக்கத் தார், உள்ளுக்குள்ள வயல் வரம்பு றோட்டுகள் கிரவல். அம்மா அடம்பன் எண்டால் அந்தப் பக்கம் உமக்கு வழிகாட்ட ஆள் வேண்டாம். பாலாவித் தீர்த்தத்தில கால் கழுவிப் போட்டு உள்ள போம். சுந்தரர் பதிகத்தில பாலாவிக் கரை எண்டு வாறது அந்தத் தண்ணிதான். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடிச்சவை. அந்தக் கல்லிலதான் மன்னார்க் கோட்டை கட்டினது எண்டு எங்கட சனம் சொல்லும். முதல் கோட்டையைப் பாத்திட்டுப் பிறகு கோயிலுக்குப் போறவைக்கு அந்தக் கதை வேற மாதிரிக் கேக்கும். தொண்ணூறுகளில கோயிலடி முழுக்க ஆமி. நாங்கள் பூசைக்குப் போக ஏலாமல் வருசக்கணக்கா இருந்தனாங்கள்.

நேரமிருந்தால் தீவுக்குள்ள தோட்டவெளிக்கும் போம். 1544 இல யாழ்ப்பாணத்துச் சங்கிலி அரசன் ஆள் அனுப்பி, கிறிஸ்தவராய் மாறின அறுநூறு பேர் அளவில வெட்டுவிச்ச இடம். வேதசாட்சிகளின் கோயில் இருக்கு. எங்கட ஆக்கள் சங்கிலியன் எண்ட பேருக்குச் சிலை வைச்சுப் பூமாலை போடுவினம், தோட்டவெளியைப் பற்றிக் கதைக்க மாட்டினம். நான் சைவக்காரன், எண்டாலும் சொல்லுறன்.

மடுவுக்கு மடுறோட் சந்தியில திரும்பினால் 12 கிலோமீற்றர் அளவில, ரெண்டு பக்கமும் காடு. வெயில் சாயமுதல் போய்ச் சேர்ந்திரும். யானை ஐஞ்சரைக்கு மேல றோட்டுக்கு வரும், உம்மட சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை, கிட்டப் போகும் வரைக்கும் அதுக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது.

மடுவில இருந்து பாலம்பிட்டி, மூன்றுமுறிப்பு, நட்டாங்கண்டல். நீர் தேடுற சாமான் இங்கதான். காடும் சிவப்பு றோட்டும் தவிர ஒண்டுமில்லை. வருசா வருசம் தார் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்கு வந்துகொண்டிருக்கு, கெதியா வந்தால் கன கிரவல் மிஞ்சும். ஆத்துப் பள்ளங்களில ஆவணிக்குத் தண்ணி இராது, முழங்கால் மட்டும் மணல்தான். இறங்கித் தள்ளும், அதில மானக்கேடு இல்லை. நாலு லீற்றர் தண்ணி காவும். ஊர்ச் சந்திகளில ஆர்.ஓ. தண்ணி (மெசினில வடிச்ச தண்ணி) விக்கிற குழாய் இருக்கும். கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, பழக்கமில்லாத வயிறு தாங்காது.

முள்ளு. இதை ஆரும் உமக்குச் சொல்லமாட்டினம். மன்னார்ப் பக்கம் உடை முள்ளு, விரல் நீளம், வெள்ளை. உள்ளுக்குப் போக விடத்தல். விடத்தல்தீவுக்குப் பேர் வந்ததே அந்த மரத்தால. வேலிக்கு வெட்டின கொப்பு றோட்டில இழுபட்டுக் கிடக்கும். மதியத்துக்குப் பிறகு ஒருக்கா ரயரைச் சுத்திப் பாத்து, குத்தினதைக் குறட்டால பிடுங்கும்.

மாங்குளத்தில ஏ-9 ஐக் கடக்கிறீர். வடக்கால கொஞ்சத் தூரம் போனால் முறிகண்டிப் பிள்ளையார். உம்மட கோட்டில இல்லை, எண்டாலும் வன்னிக்குள்ள வந்திட்டு அவருக்குச் சொல்லாமல் போனவன் ஆரும் இல்லை. பஸ், லொறி எல்லாம் அதில நிண்டு ஒரு கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைச்சிட்டுத்தான் போகும். கச்சான் கடலை வாங்கிச் சட்டைப் பையில போடும்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரர் கதை என்ர வேலையோட வாற கதை. குரக்கன் வெட்டின பிறகு நிக்கிற ஒட்டைக் கமக்காரன் சுட்டுக்கொண்டு போக, ஒரு இடம் மட்டும் எரியேல்லை. மண்வெட்டியால கொத்தினான், ரத்தம் வந்தது, பாத்தால் லிங்கம். ஒட்டுச் சுட்டான், ஒட்டுசுட்டான். சேனைக்கு நெருப்பு வைக்காதேங்கோ எண்டு கூட்டத்தில சொல்லப் போனால் கிழவர் ஒருத்தர் எழும்பி, "நெருப்பு வைச்சபடியால்தான் ஐயா சாமி வந்தது" எண்டு கேட்டு என்னை மடக்கிப் போட்டார்.

அந்தப் பக்கம் கற்சிலைமடுவில ஒரு கல் இருக்கு. கட்டாயம் நிண்டு பாரும். பண்டாரவன்னியன் 1803 ஆவணியில முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிட்ட இருந்து பிடிச்சவன். ஐப்பசி (ஒக்ரோபர்) 31 இல வொன் டிறிபேர்க் எண்ட கப்டன் இந்த இடத்திலதான் அவனைத் தோற்கடிச்சது எண்டு வெள்ளைக்காரன் நட்ட கல் அது. தன்ர வெற்றிக்கு நட்டான். இப்ப சனம் பூ வைக்கிறது தோத்தவனுக்கு.

இனி கடைசிக் கேள்வி. இரணைமடு கோவிக்க வேண்டாம், உம்மட கோபம் எனக்கு விளங்கும். ஆனால் இந்தத் தம்பி கீறின கோட்டைப் படத்தில வைச்சு ஒருக்கா வடிவாப் பாரும். மன்னார்க் கரையில துவங்கி, மடு, மல்லாவி, கிழக்கால முள்ளிவாய்க்கால். அது புதுக் கோடில்லை. 2007, 2008 இல மன்னார்ச் சனம் இடம்பெயர்ந்து அதாலதான் வந்தது. 2008 ஆவணியில மல்லாவிக்காரர் நாங்களும் அதில சேர்ந்தனாங்கள். நாங்களும் சைக்கிளிலதான் போனது. ஓடேல்லை, தள்ளிக்கொண்டு போனது.

என்ரை லுமாலா சைக்கிள். கரியரில மனுசியின்ர தையல் மெசின், அதுக்கு மேல அரிசி அரை மூட்டை. ஹாண்டிலில ஒரு பக்கம் கோழிக்கூடு, மற்றப் பக்கம் அரிக்கன் லாம்பு. பாருக்குக் குறுக்கால நாலு கூரைத் தகரம், ஓரங்களைச் சாக்காலச் சுத்தி, அடுத்த சைக்கிள்காரனை வெட்டாமல் இருக்க. உருத்திரபுரம், தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலயும் ஏதோ ஒண்டு குறைஞ்சுகொண்டு வந்தது. முதல் கோழி. பிறகு தகரம், பங்கருக்கு மேல போட்டது அப்பிடியே விட்டது. தையல் மெசின் இரணைப்பாலையில.

கடைசியா வட்டுவாகலடியில சைக்கிளையும் விடச் சொல்லிப் போட்டினம். கையை உயர்த்திக்கொண்டு நடக்கவேணும். நான் என்ன செய்தனான் தெரியுமோ? ஒரு வேலிக் கட்டையில சாத்தி, பூட்டைப் போட்டு, திறப்பை இழுத்துப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தனான். ஆயிரக்கணக்கில சைக்கிள் குவிஞ்சு கிடக்கு, நான் என்ரையைப் பூட்டுறன். மனுசி பாத்துக்கொண்டு நிண்டவ, ஒண்டும் சொல்லேல்லை.

ஆனபடியால் தம்பி, சைக்கிளில போறதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். வட்டுவாகல் பாலத்தில மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போம். பழைய பாலம் ஒடுக்கம், அந்தக் காரணத்துக்காகவும்தான். காற்சட்டைக்கு மேல ஒரு சாரமோ நீளக் காற்சட்டையோ போட்டால் போதும்.

முகமாலை அக்கா எழுதியது:

மிதிவெடி பற்றி நான் சொல்லுறன். எட்டு வருசம் அகற்றுற வேலையில இருந்தனான், கன காலம் முகமாலையில. ஒரு மீற்றர் அகல ஓடைக்குள்ள முழங்காலில இருந்து, நெஞ்சுக்கு முன்னால தடிச்ச கவசம், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, மண்ணை இஞ்சி இஞ்சியா வாரியால கிண்டி இழுக்கவேணும். வேர்வை கண்ணுக்குள்ள போகும், துடைக்க மறைப்பை உயர்த்த ஏலாது. எங்கட குழுவில பாதிக்கு மேல பொம்பிளையள், கனபேர் புருசனில்லாதவை.

நீங்கள் போற றோட்டுகள் துப்புரவாக்கின றோட்டுகள், சனம் நாளாந்தம் பாவிக்கிறது. பயப்பிட வேண்டாம். பயப்பிட வேண்டியது றோட்டை விட்டு இறங்கிறதுக்கு. ஒண்டுக்குப் போறதெண்டாலும் றோட்டிலயே போங்கோ, காட்டுக்குள்ள மரம் தேடி நடவாதேங்கோ. மண்டையோடு கீறின சிவப்புப் பலகை, சிவப்பு அடிச்ச கட்டை கண்டால் அங்கால ஒரு அடியும் வைக்காதேங்கோ. ஆளில்லாத பழைய மண் அணை, பங்கர் கிடங்கு கண்டாலும் ஏறிப் பாக்காதேங்கோ.

இன்னொண்டு: கீழ கிடக்கிற எதையும் எடுக்காதேங்கோ. பி-4 எண்ட ஆமி மிதிவெடி சப்பாத்துப் பொலிஷ் ரின் அளவுதான், மண் நிறத்துக்கு வந்திட்டால் கண்ணுக்குத் தெரியாது. இயக்கத்தின்ர, புலிகளின்ர, ரங்கன் எண்ட மிதிவெடியும் அப்பிடித்தான், பிளாஸ்ரிக் உடம்பு. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை போன பெடியளை எனக்குத் தெரியும். இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில 2017 மார்கழியிலதான் சேர்ந்தது, வேலை இன்னும் முடியேல்லை.

குளக்கட்டு ஐயா, நீங்கள் சொன்ன அந்தச் சைக்கிள் குவியலை நானும் பாத்தனான். அப்ப எனக்குப் பதினேழு.

மருதமடுவான் எழுதியது:

மடுவில தங்கிறதெண்டால் தேதியைச் சொல்லுங்கோ. ஆவணி 15 திருவிழா. 6 ஆம் தேதி கொடியேறினால் இடமே இராது, லட்சக்கணக்கில சனம், காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சுச் சமைச்சுக்கொண்டு இருக்கும். சைக்கிளோட அதுக்குள்ள வந்தால் நகர ஏலாது. 20 க்குப் பிறகு வந்தால் ஆலய விடுதிகளில கேட்டு எடுக்கலாம்.

வளவுக்குள்ள சைக்கிள் ஓடவேண்டாம். தொப்பி, ஹெல்மெற் கழட்டுங்கோ. சேட்டுக் கை இல்லாமல் வரக்கூடாது.

மாதாவின்ர சுரூபமும் அகதிதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தேக்க, 1670 இல மாந்தையில இருந்து இருபது குடும்பம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள வந்துதான் மடு துவங்கினது. 1990 க்குப் பிறகு சனம் ஆயிரக்கணக்கில வந்து வளவுக்குள்ள இருந்தது. 1999 கார்த்திகையில ஷெல் விழுந்து நாப்பது பேர் அளவில கோயிலடியிலயே செத்தவை. 2008 சித்திரையில சண்டை கிட்ட வர, குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனவை. ஆவணியில திரும்பக் கொண்டு வந்தவை. 2015 தையில பாப்பரசர் பிரான்சிஸ் வந்து அந்தச் சுரூபத்தைத்தான் கையில தூக்கிச் சனத்துக்கு ஆசீர் குடுத்தவர்.

கோயில் மண் கொஞ்சம் கொண்டு போங்கோ. பாம்புக்கடிக்கு எண்டு சைவரும் புத்த சமயத்தவையும் கூட எடுத்துக்கொண்டு போவினம். கடிச்சால் ஆஸ்பத்திரிக்கும் போங்கோ.

வடக்குக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். தேதியை 22 க்கு மாத்திறன். இரணைமடு அண்ணை, படம் எடுக்க மாட்டன். அதை நீங்கள் சொன்னதுக்காகச் செய்யிறன்.

வடக்குக்காத்து எழுதியது (ஐந்து கிழமைக்குப் பிறகு):

ஓடி முடிச்சிட்டன். நாலு நாள் எண்டது ஆறு நாளாச்சு.

துவக்கமே பிழை. விமானத்தில பெட்டியை எப்பிடி எறிஞ்சினமோ, பின் கியர் தொங்கிற அலுமினியத் துண்டு உள்ளுக்கு வளைஞ்சு போச்சு. மன்னாரில ஒரு ஓலைக் கொட்டில் கடை. அண்ணை ஒராள் சாரத்தோட குந்தியிருந்து பாத்தார். ஒரு கண்ணை மூடினார். பழைய சில்லு ஒண்டின்ர அச்சை எடுத்து அந்த ஓட்டைக்குள்ள முறுக்கினார், பொருந்திச்சுது. பிறகு அந்தச் சில்லையே நெம்புகோலாப் பிடிச்சு மெல்ல மெல்ல வெளியால இழுத்தார், கிறீச் எண்டு ஒரு சத்தம். பதினொரு கியரும் விழுந்தது. ஒஸ்லோவில இதுக்கு ஒரு கிழமை, புதுத் துண்டு ஓடர் பண்ணவேணும். முந்நூறு ரூபா எண்டார். ஆயிரம் குடுக்க, மிச்சத்தை எண்ணித் திருப்பித் தந்தார்.

திருக்கேதீச்சரத்துக்கு அம்மான்ர ஒண்டுவிட்ட தம்பியும் கூட வந்தார், தன்ர சைக்கிளில. ஒரு பிறேக், அதுவும் பின்னுக்கு. வயல் கிரவலில என்னை விட்டிட்டு முன்னால போட்டார். 61 வயசு.

பாலம்பிட்டிக்கு அங்கால ஐயா சொன்ன தகர அலை. முதல் ஒரு மணித்தியாலம் கெட்டித்தனம் காட்டி நடுவால ஓடிப் பல்லு ஆடினது. பிறகு மாட்டுப் பாதைக்குள்ள இறக்கினன். 45 இல வைச்சிருந்த காத்தை 30 க்கு இறக்கினன். சைக்கிளே வேற சைக்கிள். கரையில சாணி, நடுவில சிவப்புத் தூசி, மூண்டு மணித்தியாலத்தில நாலு மோட்டார் சைக்கிளும் ஒரு உழவு மெசினும்தான் கண்டது. மூன்றுமுறிப்பில ஒரு அம்மா கூப்பிட்டுப் பிளேன்ரீ தந்தா, பனங்கட்டியோட. எங்க போறாய் எண்டு கேக்க, முள்ளிவாய்க்காலுக்கு எண்டன். "அங்க உன்ர ஆக்கள் ஆரும்?" எண்டா. ஒருத்தரும் இல்லை எண்டன். "என்ர ரெண்டு பேர்" எண்டா. எழும்பிப் போய்க் கேத்திலைத் திரும்ப அடுப்பில வைச்சா. நான் இன்னொரு கோப்பை குடிச்சன்.

விடத்தல் முள் நட்டாங்கண்டலில. என்ரை ரியூப் இல்லாத ரயர், உள்ளுக்குப் பால் மாதிரி ஒரு பசை. முள்ளைப் பிடுங்கவே அந்தப் பசை பீச்சி அடிச்சு, பாத்துக்கொண்டு நிண்ட பெடியன்ர வெள்ளைச் சேட்டில பட்டுது. பள்ளிக்கூடச் சேட்டு. ரயர் தானா அடைபட்டுது, எல்லாரும் வாயைப் பிளந்தினம், அவன் மட்டும் அழுதான்.

வன்னிவிளாங்குளத்தில மாவீரர் துயிலுமில்லம் (செத்த போராளிகளைப் புதைச்ச இடம்) இருந்த இடத்தில நிண்டனான். உடைச்ச கல்லுகளை ஒரு பக்கமாச் சேர்த்து வைச்சிருக்கினம். ஈப்பரில ஒவ்வொரு கல்லுக்கும் புல்லு வெட்டுறதுக்கு சம்பளத்துக்கு ஆள். இங்க வாரியோட நிண்டது ரெண்டு அம்மாக்கள்.

கற்சிலைமடுக் கல்லைத் தாண்டிப் போய்த் திரும்ப வந்து பாத்தன், அவ்வளவு சின்னக் கல். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனில இருந்து நந்திக்கடலைப் பாத்துக்கொண்டு கன நேரம் இருந்தனான். பொங்கலுக்குக் கடல் தண்ணியில விளக்கெரியிறதைப் பற்றிக் கடைக்கார அக்கா சொன்னா, எண்ணெய் ஒரு துளியும் இல்லையாம். வைகாசியில வந்து பார் எண்டா.

வட்டுவாகலில இறங்கித் தள்ளினனான். புதுப் பாலத்துக்கு வேலை நடக்குது, பழைய பாலத்தில ஒரு வாகனம் வந்தால் கரையில ஒட்டி நிக்கவேணும். தண்ணி முழங்கால் ஆழமும் இராது, ஒராள் வலை வீசிக்கொண்டு நிண்டார். ஐயா சொன்ன வேலிக் கட்டை எந்தப் பக்கமா இருந்திருக்கும் எண்டு ரெண்டு கரையிலயும் பாத்தன். ஒண்டும் இல்லை, பத்தையும் மணலும்தான். படம் எடுக்கேல்லை.

ஐயா, ஒரு கேள்வி. அந்தத் திறப்பு இப்பவும் இருக்கோ?

குளக்கட்டு எழுதியது:

தம்பி, அந்தப் பெடியனுக்குச் சேட்டு வாங்கிக் குடுத்தீரோ இல்லையோ? அதை எழுதேல்லை.

கட்டை முல்லைத்தீவுப் பக்கம், பாலத்தால இறங்கி இடக்கைப் பக்கம். இப்ப இராது.

திறப்பு இருக்கு. வீட்டுத் திறப்புக் கோர்வையிலதான் கிடக்கு, நெல்லுப் பெட்டித் திறப்புக்குப் பக்கத்தில. செட்டிக்குளம் முகாமில எல்லாத்தையும் சோதிச்சவங்கள், இதைப் பாத்திட்டுத் திருப்பித் தந்தவங்கள். பேத்தி போன மாதம் கேட்டவள், அப்பப்பா இது எந்தப் பூட்டுக்கு எண்டு. பழைய சைக்கிளுக்கு எண்டன். அப்ப சைக்கிள் எங்க எண்டாள். உம்மட ரயர்ப் பசைக் கதையைச் சொல்லி அவளின்ர கதையை மாத்திப் போட்டன்.

அடுத்த முறை மாசியில வாரும். சிவராத்திரிக்குப் பாலாவித் தண்ணியைக் குடத்தில மொண்டு நீரே லிங்கத்துக்கு ஊத்தலாம், ஐயர் ஒண்டும் சொல்லார். குளங்களும் நிரம்பியிருக்கும். வாடைக்காத்து முடியுற நேரம், அதால கிழக்கால இருந்து மேற்கால ஓடும்.

45 இலயா வைச்சிருந்தனீர்? முதலே சொன்னனான்.